சிறுபட்டியும் கள்வனும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கபிலரின் 'சுடர்த்தொடீஇ கேளாய்' (கலித்தொகை 51) பள்ளி மேடைக்கு எளிதாக ஏறும் பாட்டு. தலைவி, தோழி, தாய், தலைவன் என நாலு பேர் போதும். ஆனால் குமரி மாவட்டத்தில் நாலாவது அடியிலேயே இடறுகிறது: 'நோதக்க செய்யும் சிறுபட்டி'.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் பட்டி என்றால் நாய். ஒருவனை அப்படி அழைத்தால் கைகலப்புதான். அதனால் வகுப்பில் சிரிப்பு எழுகிறது. மேடையில் தலைவி பல்லைக் கடிக்கிறாள். பாட்டில் உள்ளதோ கட்டுக்கு அடங்காமல் கண்ட இடத்தில் மேயும் பட்டிமாடு. மணல்வீட்டை மிதித்து, பூமாலையை அறுத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு அது பொருந்துகிற வசை. நாய் என்று கொண்டால் வெறுப்பாகிவிடும். பிறகு, தண்ணீர் கேட்டு வந்து கையைப் பிடித்தவனை, 'உண்ணுநீர் விக்கினான்' (தண்ணீர் குடிக்கையில் விக்கல் எடுத்தது) என்று தாயிடம் பொய் சொல்லித் தலைவி ஏன் காப்பாற்ற வேண்டும்?

முடிவில் வரும் 'கள்வன் மகன்' என்பதைத் 'திருடனுடைய மகன்' என்று விளக்குவதும் தவறு. மகன் என்பது இங்கே ஆண்மகன். அவனுடைய அப்பனை யாரும் இழுக்கவில்லை. பாட்டு முழுவதும் தோழியிடம் சொல்வது. ஆகவே தலைவி தோழி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் வெறும் ஏச்சாகிவிடும்.

அதே 'கள்வன்' என்ற சொல் சிலப்பதிகாரத்தில் உயிரை வாங்குகிறது. கொலைக்களக் காதையில், பொற்கொல்லன் சொன்னதை நம்பிய பாண்டியன், சிலம்பு 'கன்றிய கள்வன் கையது ஆகின்' கொன்று கொண்டு வரச் சொல்கிறான். துன்பமாலையில் 'என் கணவன் கள்வனோ' என்று கண்ணகி கதிரவனைக் கேட்க, 'கள்வனோ அல்லன்' என்று பதில் வருகிறது. வழக்குரை காதையில் மன்னன் 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று' (கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது) என்று நியாயம் பேசுகிறான். சிலம்பு உடைந்து மணி தெறித்த பிறகு, 'யானோ அரசன் யானே கள்வன்' என்கிறான். பிறன்மேல் எறிந்த சொல்லைத் தானே எடுத்துப் பூசிக்கொள்கிறான்.

இந்தக் கடைசி வரியைத்தான் நம் பிள்ளைகள் மைக் அலறக் கத்துகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது, என்ன செய்ய! இளங்கோவடிகள் அதற்குச் சற்று முன்பே 'தாழ்ந்த குடையன் தளர்ந்த செங்கோலன்' என்று நடிப்புக்குக் குறிப்புத் தந்துவிட்டார். குரல் இறங்க வேண்டும், மூச்சு முட்ட வேண்டும்; பாட்டில் இரண்டு வரி தள்ளி அவன் மயங்கி விழப்போகிறான். மணி தெறித்ததும் சற்று நேரம் யாரும் பேசாமலிருந்தால் வரி தானாக அமையும்.

நேரம் போதாதென்று பலர் பொற்கொல்லன் காட்சியை வெட்டுகிறார்கள். அது போனால் 'கள்வன்' எங்கிருந்து வந்தது என்பதே பார்ப்பவருக்குத் தெரியாது. வாயிற்காவலன் கண்ணகியைக் கொற்றவையோடும் காளியோடும் ஒப்பிட்டுச் சொல்லும் நீண்ட வருணனையைச் சுருக்கலாம், கதை குலையாது.

பள்ளிகளுக்குப் போட்டி நடத்துவோர் பாட்டு வரிகளோடு அருஞ்சொற்பொருளும் கொடுத்து, பட்டி போன்ற சொற்களுக்கு நம் ஊர்ப் பொருள் வேறு என்றும் குறிக்க வேண்டும். நடுவர்கள் உரக்கப் பேசியதற்காக மட்டும் மதிப்பெண் போடக் கூடாது.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
தக்கலை.