பொதுப்பணத்தில் உருவாகும் மராத்தி எழுத்துருக்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 அக்டோபரில் மராத்திக்குச் செம்மொழித் தகுதி கிடைத்தபின், அம்மொழியின் நூல்களை மின்னுருவாக்குவது பற்றிப் பேசுவோர் எழுத்துருக்களின் உரிமத்தையும் கவனிக்க வேண்டும் என்று, புணேயில் நெடுங்காலமாக மராத்தி நூல்களுக்குப் பக்கம் வடிவமைத்து வருபவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் பொதுவான எண்களை வகுத்த யூனிகோடு முறை பரவுவதற்கு முன்பு, எழுத்துரு விற்ற நிறுவனங்கள் எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதற்குத் தத்தமக்கெனத் தனிக் குறியாக்கம் வைத்திருந்தன. அண்மையில் ஒரு பழைய கவிதைத் தொகுப்பை மறுபதிப்புக்காகத் திறந்தபோது, அந்த எழுத்துரு என் கணினியில் இல்லாததால், திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரிந்தன. அச்சுப்பிரதியைப் பார்த்து எல்லாப் பக்கங்களையும் மீண்டும் தட்டச்சு செய்தேன்.

யூனிகோடு வந்தபிறகும் ஒரு நுட்பமான குறை உண்டு. கடலைக் குறிக்கும் 'தர்யா' என்ற மராத்திச் சொல்லில் ரகரம் யகரத்தின் தலைமேல் கொக்கியாக ஏறும். பள்ளத்தாக்குகளைக் குறிக்கும் இன்னொரு 'தர்யா'விலோ யகரத்தின் இடப்பக்கம் இமைமயிர்போல் வளைந்து ஒட்டும். லகரத்துக்கும் ஶகரத்துக்கும்கூட மராத்தியில் தனி வடிவங்கள் உண்டு. மராத்தியும் இந்தியும் ஒரே தேவநாகரி எழுத்தில் எழுதப்பட்டாலும், இந்தியை மட்டுமே மனத்தில் கொண்டு வரைந்த எழுத்துருவில் இவை பிசகும். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் இடம்தரும் திறந்த உரிமம் இருந்தால் பிழையைக் கண்டவரே திருத்தி வெளியிடலாம்; தனியுரிம எழுத்துருவில் விற்றவர் மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

எழுத்துரு வரைபவருக்குக் கூலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூட்டெழுத்துகளையும் சேர்த்தால் தேவநாகரிக்கு நூற்றுக்கணக்கான வடிவங்களை வரைய வேண்டும். அது கடும் உழைப்பு. ஆனால் அந்தக் கூலியைப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்தால் பயனும் எல்லோருக்கும் சேர வேண்டும். எடுத்துக்காட்டாக, மகாராஷ்டிர அரசின் மராத்தி வளர்ச்சி நிறுவனமான ராஜ்ய மராத்தி விகாஸ் சன்ஸ்தா, மும்பையின் எக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழுவைக் கொண்டு யசோமுத்ரா எழுத்துருவை உருவாக்கித் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. அதன் தேவநாகரி வடிவங்களை அடிப்படையாகக் கொண்டே மும்பை ஐஐடி, சமஸ்கிருத ஆய்வுப் பதிப்புகளுக்கும் உதவும் ஷோபிகா எழுத்துருவை உருவாக்கியது. மூடிய உரிமமாக இருந்திருந்தால் இரண்டாவது எழுத்துருவுக்கு முதல் கோட்டிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும்.

ஆகவே, மகாராஷ்டிரத்தில் அரசுப் பணத்தில் அச்சாகும் பாடநூல்களும் அகராதிகளும் யூனிகோட்டிலும் திறந்த உரிம எழுத்துருக்களிலும் மட்டுமே அமைய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பழைய எழுத்துருக்களை விற்ற நிறுவனங்கள், அவற்றின் குறியாக்க அட்டவணைகளையாவது பொதுவில் வெளியிட்டால், வட்டுகளில் முடங்கிக் கிடக்கும் மராத்திக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும் நிரல்களை எங்களைப் போன்றவர்களே எழுதிக்கொள்வோம்.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பாளர் ஒருவர்,
புணே