குப்பியை எங்கள் கையில் கொடுக்காதீர்கள்

அரசு மருத்துவமனைகளை நிர்வகிக்கும் உயர் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

மார்பில் கட்டி என்று வரும் பெண்ணுக்கு என்னென்ன சோதனைகள் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். என் மாமியாருக்கு மேமோகிராமும் ஸ்கேனும் எங்கள் மாவட்டத்திலேயே ஒரே வாரத்தில் முடிந்தன. மருத்துவரும் செவிலியர்களும் அன்பாகவே நடந்துகொண்டார்கள். பைராட்ஸ் 5, அதாவது புற்றுநோயாக இருக்கவே அதிக வாய்ப்பு என்று அறிக்கை வந்தது. அடுத்தது சதைப் பரிசோதனை.

ஊசியால் எடுத்த துணுக்குகளை, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டு, என்னிடம் நீட்டினார்கள். இங்கே பார்க்க வசதியில்லை, நகரத்து ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அது வெள்ளிக்கிழமை மாலை.

மறுநாள் காலை மூன்று மணி நேரப் பஸ் பயணம். குப்பியைத் துணிப்பையில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடி சரியாக இறுகவில்லை போலும். வாடை தாங்காமல் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து போய்விட்டார். இறங்கிப் பார்த்தால், பிளாஸ்திரியில் பேனாவால் எழுதியிருந்த பெயரும் எண்ணும் நீலக் கறையாகக் கரைந்திருந்தன. மருத்துவரின் சீட்டைக் காட்டியும், பெயரில்லாத மாதிரியை வாங்க முடியாது என்று ஆய்வுக்கூடத்தில் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சரிதான். ஒருத்தியின் சதை இன்னொருத்தியின் பெயரில் ஏறினால் என்ன ஆவது?

அத்தைக்கு மறுபடியும் ஊசி. கன்றிப்போயிருந்த அதே மார்பைக் காட்டிக்கொண்டு படுத்தார். “ஏம்மா, முதலில் எடுத்தது எங்கே போயிற்று?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். நான்தான் தொலைத்துவிட்டேன் என்று நினைக்கிறாரோ என்று இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் கேட்கிறோம்: குப்பியை எங்கள் கையில் கொடுக்காதீர்கள். பெயர் அழியாதபடி எழுதி நீங்களே அனுப்புங்கள், முடிவையும் நீங்களே வாங்கித் தாருங்கள்.

பஸ் கட்டணத்துக்காகப் புலம்பவில்லை. ஹார்மோன் மாத்திரையா, டிராஸ்டுசுமாப் ஊசியா என்பதை, புற்றுநோய்ச் செல்களில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஈஆர், பிஆர், ஹெர்2 சோதனைகளை வைத்துத்தானே முடிவு செய்கிறீர்கள்? அவை பிசகாமல் வர, சதை ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை மாலை குப்பியைக் கொடுத்தவர்கள் இந்தக் கணக்கை எங்களிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை போய்க்கொள்ளலாம் என்று நான் இருந்திருந்தால்?

2020இல் கொரோனா வந்தபோது ஊர் ஊராகத் தொண்டைச் சளியை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து வண்டியில் அனுப்பினீர்கள். அக்டோபர் மாதமானால் கட்டடங்களுக்கு இளஞ்சிவப்பு விளக்குப் போடவும் ஆள் கிடைக்கிறது. சீரியல் பல்பு ஏற்றிவரும் வண்டியில் எங்கள் குப்பிக்கு ஒரு மூலை ஒதுக்கினால் பாரம் தாங்காதா? மக்களைத் தேடி மருத்துவம் வருகிற மாநிலத்தில் ஆய்வுக்கூடத்தைத் தேடிச் சதையோடு நாங்கள் அலைகிறோம். மன்னிக்கவும், பணிவாகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இப்போது ஹெர்2 முடிவு 2+ என்று இரண்டுங்கெட்டானாக வந்திருக்கிறது. உறுதி செய்ய, ஹெர்2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை செய்ய வேண்டுமாம். அதற்காக, சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை வரும் செவ்வாய்க்கிழமை நானே வந்து வாங்கிப்போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அதையாவது உங்கள் ஆள் மூலம் அனுப்பிவையுங்கள். அன்று நான் அத்தையோடு வீட்டில் இருக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மருமகள்