மூவர் குழுத்தொகுதிக்குத் திரும்பலாமே

ஆசிரியருக்கு,

மக்கள் செயல் கட்சி (மசெக) 1959 முதல் சிங்கப்பூரை ஆள்வது ஏன் என்று கேட்டால், வீடும் வேலையும் கொடுத்த கட்சி என்று பலரும் சொல்கிறார்கள். அது உண்மைதான். வாக்கு எண்ணுவதிலும் கள்ளம் இல்லை. ஆனால் வாக்கு எப்படி இடமாக மாறுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

2020 பொதுத்தேர்தலில் மசெகவுக்கு 61.24 விழுக்காடு வாக்குக்கு நாடாளுமன்றத்தின் 93 இடங்களில் 83 கிடைத்தன. வாக்கில் ஐந்தில் மூன்று பங்கு, இடங்களில் பத்தில் ஒன்பது பங்கு. இதற்குப் பெரிய காரணம் குழுத்தொகுதி. நான்கைந்து பேர் ஓர் அணி, வாக்காளருக்கு ஒரே வாக்கு, ஜெயித்த அணிக்கு எல்லா இடமும். 2025ல் தெம்பனிஸ் குழுத்தொகுதியில் மசெக 52, எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி 47 விழுக்காடு. ஐந்து இடமும் மசெகவுக்கே. இதே விதி 2011ல் அல்ஜுனிட்டில் ஐந்தையும் பாட்டாளிக் கட்சிக்குக் கொடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தீவு முழுக்க முன்னணியில் இருக்கும் கட்சிக்கே இது திரும்பத் திரும்பக் கைகொடுக்கும்.

சிறிய கட்சிக்கு வாசலிலேயே தடை. வேட்பாளர் கட்டும் வைப்புத்தொகை ஒருவருக்கு 13,500 வெள்ளி, ஐவர் அணிக்கு 67,500. எட்டில் ஒரு பங்கு வாக்கு வராவிட்டால் அத்தனையும் போய்விடும். பணத்தையாவது திரட்டலாம், சிறுபான்மை இனத்தவர் என்று சான்றிதழ் பெற்ற, அணியில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒருவர் உட்பட ஐந்து தகுதியான ஆட்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. 2025 தேர்தலில் மரின் பரேட்-பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதிக்கு எதிரணி மனுவே வரவில்லை. ஐவர் போட்டியின்றித் தேர்வானார்கள், அங்குள்ளவர்கள் வாக்களிக்கவே இல்லை.

தொகுதி எல்லை மாற்றம் இன்னொரு சிக்கல். ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் ஜூ சியட் தனித்தொகுதியில் 2011ல் மசெக 388 வாக்கில்தான் தப்பியது. 2015ல் அந்தத் தொகுதியே இல்லை. மரின் பரேட் குழுத்தொகுதிக்குள் போய்விட்டது. நான்கு ஆண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய எதிர்க்கட்சிக்காரருக்கு அந்த உழைப்பு என்ன ஆவது? 2025ல் புதிய தொகுதி எல்லைகளைச் சொல்லும் அறிக்கை மார்ச் 11ல் வந்தது, வாக்களிப்பு மே 3. இடையில் 53 நாள்.

சிறுபான்மையினருக்கு இடம் உறுதி செய்யும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். நம் சமூகத்துக்கு அது பாதுகாப்பு. ஆனால் 1988ல் குழுத்தொகுதி தொடங்கியபோது அணிக்கு மூவர்தான். அந்த மூவரிலும் ஒருவர் சிறுபான்மையினர். அந்த அளவுக்கே திரும்பலாம். எல்லை அறிக்கையும் வாக்களிப்புக்கு ஆறு மாதம் முன்பே வெளிவர வேண்டும்.

வாசகர், சிங்கப்பூர்