தடுப்பூசி சார்ட்ல ரேங்க் போட வேண்டாம்: ஒன்பதாம் வகுப்பு பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம்ம ஒன்பதாம் வகுப்பு பிள்ளைங்க சயின்ஸ் ப்ராஜெக்டுக்கு கொரோனா தடுப்பூசி வகைகளை ஒப்பிட்டு சார்ட் போட்டு கொண்டு வந்திருந்தாங்க, நான் ஒவ்வொண்ணு முன்னாடியும் நின்னு படிச்சேன். முக்கால்வாசி சார்ட்ல கடைசி கட்டம் "ரேங்க்", பரிசோதனையில ஊசி நோயை எத்தனை சதவீதம் தடுத்துச்சோ அதையே மார்க்கா வச்சு. 95 சதவீதம் வாங்கின ஃபைசர் ஃபர்ஸ்ட், 94.1 வாங்கின மாடர்னா செகண்ட், 66 வாங்கின ஜான்சன் கடைசி. ஒரு பொண்ணோட சார்ட் மட்டும் பாதியில நின்னுருந்துச்சு, ஏன்மா முடிக்கலன்னு கேட்டேன், "எங்க பாட்டி போட்ட ஊசி கடைசி ரேங்க்ல வருது மிஸ், எழுத மனசு வரல"ன்னு சொல்லிட்டு தலையை குனிஞ்சுக்கிட்டா. அதுலேர்ந்து மனசு கேக்கல, அதான் உங்களுக்கே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

மார்க் வச்சு ரேங்க் போடணும்னா எல்லாரும் ஒரே கேள்வித்தாளை எழுதியிருக்கணும், இது நம்ம எல்லாருக்கும் தெரியும். இந்த ஊசிங்க அப்படி எழுதல. ஃபைசர் பரிசோதனை 2020ல நடந்தது, உருமாறின வைரஸ் பெருசா பரவுறதுக்கு முன்னாடி. ஜான்சன் பரிசோதனை நடந்த சில நாடுகள்ல அதுக்குள்ள புது உருமாற்றம் பரவ ஆரம்பிச்சிருச்சு. 2021 ஜனவரியில அவங்க வெளியிட்ட கணக்கை பாருங்க, அதே ஒரு டோஸ் ஊசிக்கு அமெரிக்காவுல 72 சதவீதம், லத்தீன் அமெரிக்காவுல 66, தென்னாப்பிரிக்காவுல 57. ஊசி ஒண்ணுதான், பரீட்சை எழுதின இடம்தான் வேற. அதே ஊசி நோய் தீவிரமாகாம 85 சதவீதம் தடுத்ததுன்னும் அதே அறிக்கையில இருக்கு, அந்த நம்பர் எந்த பிள்ளையோட சார்ட்லயும் இல்ல.

இந்த 95 சதவீதத்தையும் நிறைய பேர் தப்பா புரிஞ்சு வச்சிருக்கோம், 100 பேர் போட்டா 5 பேருக்கு கொரோனா வந்தே தீரும்னு. அப்படி இல்லைங்க. ஃபைசர் பரிசோதனையில சுமார் 43,000 பேர், பாதி பேருக்கு நிஜ ஊசி, பாதி பேருக்கு வெறும் உப்புத்தண்ணி ஊசி, யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. அதுல அறிகுறியோட நோய் வந்தவங்க 170 பேர். உப்புத்தண்ணி போட்டவங்க 162, நிஜ ஊசி போட்டவங்க 8. 162 எங்க, 8 எங்க, 154 பேர் குறைவு, 162ல 154 எத்தனை சதவீதம்னு பாத்தா வர்றதுதான் 95. தயவுசெஞ்சு இதை இன்னிக்கு சாயங்காலம் பிள்ளையோட உக்காந்து ஒரு பேப்பர்ல போட்டு பாருங்க.

அப்போ எதைத்தான் ஒப்பிடறதுன்னு கேப்பீங்க. வைரஸ் மேல முள்ளு முள்ளா ஒரு புரதம் இருக்குல்ல, ஸ்பைக்னு சொல்றோமே, அதை உடம்புக்கு எப்படி அடையாளம் காட்டறாங்கங்கறதுலதான் வித்தியாசமே. ஃபைசர், மாடர்னா ரெண்டும் எம்ஆர்என்ஏ வகை. ஸ்பைக்கை செய்யறதுக்கான குறிப்பை மட்டும் கொழுப்பு உறையில வச்சு அனுப்பறாங்க, நம்ம செல்லே அதை படிச்சு செஞ்சுக்குது, குறிப்பு சீக்கிரமே சிதைஞ்சு போயிடும், டிஎன்ஏ இருக்கிற உட்கருவுக்குள்ள அது போறதே இல்ல. கட்டலின் கரிகோ, ட்ரூ வைஸ்மன்னு ரெண்டு விஞ்ஞானிங்க 2005லயே இதுக்கு அடித்தளம் போட்டுட்டாங்க, நோபல் பரிசு 2023லதான் வந்துச்சு. அவசர அவசரமா கண்டுபிடிச்சதுன்னு சொல்றவங்களுக்கு இந்த ரெண்டு வருஷத்தையும் சொல்லுங்க. இந்த வகையில பெரிய கஷ்டம் குளிர்தான், ஃபைசரை ஆரம்பத்துல மைனஸ் 70 டிகிரி கிட்ட வச்சிருக்கணும்.

அஸ்ட்ராஜெனகா (கோவிஷீல்டும் அதேதான்), ஜான்சன், ஸ்புட்னிக் எல்லாம் வாகன வகை. பெருக முடியாதபடி மாத்தின அடினோவைரஸ்ல (சாதாரண சளி வர வைக்கிற ஒரு வைரஸ் வகை, இதுதான் வாகனம்) ஸ்பைக்கோட மரபுக் குறிப்பை ஏத்தி அனுப்பறாங்க. ஸ்புட்னிக்ல ரெண்டு டோஸுக்கும் வேற வேற அடினோவைரஸ், ஏன்னா முதல் டோஸ்லயே உடம்பு வாகனத்தை அடையாளம் வச்சுக்கிட்டா ரெண்டாவது தடவை வாசல்லயே மறிச்சிடும். எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச யோசனை இதுதான். அஸ்ட்ராஜெனகாவுக்கு 2லேர்ந்து 8 டிகிரி, அதாவது சாதாரண ஃப்ரிட்ஜ் போதும், அதனாலதான் பெரிய ஃப்ரீசர் வசதி இல்லாத இடங்களுக்கும் போய் சேர முடிஞ்சுது. ஒரு பையன் இதுக்கு "பழைய டெக்னாலஜி, மைனஸ் பாயிண்ட்"னு எழுதியிருந்தான், பக்கத்துல உக்கார வச்சு பேசினேன்.

உண்மையிலேயே பழைய வழின்னா அது கோவாக்சின், சைனோஃபார்ம், கொரோனாவேக் போன்றது. முழு வைரஸை வளர்த்து, கெமிக்கல் போட்டு செயலிழக்க வச்சு குடுக்கறது, 1955ல வந்த சால்க்கோட போலியோ ஊசியும் இதே வழிதான். நோவாவேக்ஸ், கோர்பிவேக்ஸ் ரெண்டும் புரதத்தையே தயாரிச்சு குடுக்கற வகை, ஹெபடைட்டிஸ் பி ஊசியும் இந்த மாதிரிதான்.

பக்கவிளைவை சார்ட்ல மறைக்க வேண்டாம்னு பிள்ளைங்ககிட்ட நானே சொல்லியிருக்கேன். அடினோவைரஸ் வகையில ரொம்ப அபூர்வமா ரத்தம் உறையற பிரச்சனை வந்துச்சு, அதனால சில நாடுகள்ல இளவயசுக்காரங்களுக்கு வேற வகை குடுத்தாங்க. எம்ஆர்என்ஏ வகையில அபூர்வமா இதயத்தசை வீக்கம், பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, ரெண்டாவது டோஸுக்கு அப்புறம், அதுல பெரும்பாலானவங்க குணமாயிட்டாங்க. ரெண்டையும் எழுதட்டும், "அபூர்வமா"ங்கற வார்த்தையையும் விடாம எழுதட்டும். உங்க பிள்ளைக்கு ஊசி பத்தி சந்தேகம் இருந்தா சார்ட்டையோ இந்த லெட்டரையோ வச்சு முடிவு பண்ணாதீங்க, முன்னாடி போட்ட ஊசி விவரத்தோட டாக்டரை பாருங்க.

சார்ட்டை எல்லாருக்கும் திருப்பி குடுத்தாச்சு. ரேங்க் கட்டத்தை அழிச்சிட்டு அங்க "எப்படி வேலை செய்யுது", "பரிசோதனை எங்க, எப்போ நடந்துச்சு"ன்னு ரெண்டு கட்டம் போட்டு திங்கட்கிழமை கொண்டு வரட்டும். வீட்ல யாரு எந்த ஊசி போட்டாங்கன்னு எழுத வேண்டாம், அது அவங்கவங்க சொந்த விஷயம். அந்தப் பொண்ணுக்கு மட்டும் புது சார்ட் பேப்பர் நானே குடுத்தேன், 57, 66, 72, 85 நாலையும் முதல் வரியில எழுதிக்கிட்டுதான் வீட்டுக்கு போனா.

அன்புடன்,
தலைமையாசிரியை