வாகனப் பக்கத்தில் பராமரிப்புக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறவள் நான். தொலைதூரப் பயணத்துக்கான மோட்டார் சைக்கிள்கள் பற்றிச் சமீபத்தில் வந்த கட்டுரையில் விலை இருந்தது, நிறம் இருந்தது, குதிரைத்திறன் இருந்தது. வாங்கிய பிறகு அந்த வண்டியை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு வரிகூட இல்லை. அந்தப் பக்கத்தில் பராமரிப்புக்கென்று வாரம் அரைப் பத்தியாவது ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

கோவையில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பேரிங், பெல்ட், கிரீஸ் எல்லாம் தினமும் கையில் புழங்குகிற சாமான்கள். 2019-ல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறேன். வால்பாறை, கோத்தகிரி, கொல்லிமலை, நாலு நாள் லீவு சேர்ந்து வந்தால் கர்நாடகம் என்று எல்லாப் பயணமும் அதில்தான். ஆயில், செயின், பிரேக் பேட், பஞ்சர் வேலைகளை வீட்டு வாசலிலேயே செய்துகொள்கிறேன். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சரியான அளவு ஸ்பேனர்கள், ஆலன் கீ செட், நட்டை அளவோடு முறுக்க ஒரு டார்க் ரெஞ்ச், வண்டியோடு வந்த கையேடு, கொஞ்சம் பொறுமை போதும்.

மலைக்குப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது பிரேக் ஆயிலை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. ஏறும்போது எஞ்சின் திணறினால் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம். பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பை என்று இறங்கும்போது பிரேக் விட்டுப்போனால் நிறுத்துவதற்கே வழியில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகையில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவே 155 டிகிரிதான். கீழே வருகிற வழி முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கின் சூடு ஆயிலுக்கு ஏறி, அது கொதித்து, உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் நசுங்காது, குமிழ் நசுங்கும். அப்புறம் லிவரை எவ்வளவு இழுத்தாலும் குமிழ்தான் நசுங்குமே தவிர, பேட் டிஸ்க்கைப் பிடிக்காது.

ஏபிஎஸ் இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். நல்ல விஷயம்தான். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதுதான் அதன் வேலை. கொதித்துப்போன ஆயிலுக்கு அது ஒன்றும் செய்யாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்கி, வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ள விடுங்கள். பிரேக் ஆயில் கிண்ணத்தில் மட்டம் இறங்கியிருந்தால் அவசரப்பட்டு ஊற்றாமல் முதலில் பேடைப் பாருங்கள். பேட் தேயத் தேய மட்டம் தானாகவே இறங்கும். ஒருவேளை குழாயில் காற்று புகுந்துவிட்டால், ஏபிஎஸ் வண்டியில் அதை வீட்டில் முழுதாக எடுப்பது கஷ்டம். அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவதுதான் முறை. எதை வீட்டில் செய்யக்கூடாது என்பதையும் உங்கள் பத்தி சொல்ல வேண்டும்.

அடுத்தது செயின். ஒருமுறை சர்வீஸ் முடிந்து வந்த என் வண்டியின் செயின் வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. தொய்வே இல்லாமல் இருந்தால் நல்லது என்று நினைத்து இறுக்கியிருக்கிறார்கள். நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆளும் சுமையும் ஏறிப் பின்பக்கம் அமுங்கும்போது செயின் இன்னும் இழுபடும். அதற்கு இடம் விடாவிட்டால் அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸின் வெளித்தண்டு பேரிங் மேல் விழும். செயினும் அது ஓடுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் போனால் மாற்றிக்கொள்ளலாம், அந்த பேரிங்கை மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும். எவ்வளவு தொய்வு வேண்டும் என்பது கையேட்டில் மில்லிமீட்டர் கணக்கில் போட்டிருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, எங்கே மிகவும் இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே அளவில் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே அச்சு நட்டை முறுக்க வேண்டும்.

இப்போதைய பயண வண்டிகளில் பெரும்பாலும் ஓ-ரிங் செயின். உள்ளே அடைத்திருக்கும் கிரீஸைக் காப்பது அந்த ரப்பர் வளையங்கள்தான். பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் ரப்பர் கெடும், கம்பி பிரஷ் போட்டால் கிழியும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் போதும். ஓடி வந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது உள்பக்கமாக ஆயில் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் காலையில் மிச்சத்தைத் துடையுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இது நடக்க வேண்டும், மழையில் ஓட்டினால் அன்றைக்கே. ரோலான் செயின் எங்கள் கோவை எல்ஜிபி நிறுவனத்தின் தயாரிப்பு. செயின் செய்கிற ஊரிலேயே துருப்பிடித்த செயினோடு வண்டிகள் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் செயினைச் சுற்றவைத்துத் துணியால் துடைக்கிறார்கள். எங்கள் மில்லில் ஓடுகிற மிஷினில் துணி வைக்க யாரையும் விடமாட்டோம். துணியோடு சேர்த்து விரலையும் ஸ்ப்ராக்கெட் இழுத்துக்கொள்ளும். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

எஞ்சின் ஆயிலைப் பற்றி ஒரே விஷயம்தான். காரில் ஊற்றி மிச்சமிருக்கும் ஆயிலை பைக்கில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் நனைந்துகொண்டிருக்கின்றன. உராய்வைக் குறைக்கக் கார் ஆயிலில் சேர்க்கிற பொருள்கள் கிளட்சை வழுக்கவைத்துவிடும். டப்பாவின் மேல் ஜாஸோ எம்ஏ (JASO MA) என்று, ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக் குறி போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் சரி. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் பிடித்து வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஹிமாலயன் 411-க்கு ஸ்போக்ஸ் சக்கரம், உள்ளே டியூப். நகரத்தில் பத்து நிமிடத்தில் பஞ்சர் கடை கிடைக்கும். வால்பாறை போகிற பாதையில் அட்டகட்டிக்கு மேலே காட்டு வழியில் பொழுது சாய்கிற நேரத்தில் யார் கிடைப்பார்கள்? பின் டயரைக் கழற்றி மாட்டுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து பழகிக்கொள்வது நல்லது. ஸ்போக்ஸ் கம்பிகளை ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தால், தளர்ந்த கம்பி மட்டும் மந்தமாக ஒலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். டயரின் பக்கவாட்டில் இருக்கிற நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. தரையைப் பிடிக்கிற பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் வயதாகி வெடிப்பு விட்டிருந்தால் அது மலைக்கு ஆகாது.

கிளட்ச் கேபிளுக்கு ஒரு யோசனை. புதுக் கேபிள் ஒன்றை வாங்கி, பழைய கேபிள் போகிற பாதையிலேயே அதன் கூடவே ஓட்டி, ஜிப் டை போட்டுக் கட்டிவிடுங்கள். வழியில் அறுந்தால் டேங்கைக் கழற்றாமல் இரண்டு முனைகளை மட்டும் மாற்றி மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

இப்படி எல்லாரும் வீட்டிலேயே செய்துகொண்டால் மெக்கானிக்குகளின் பிழைப்பு என்னாகும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. “சவுண்டு வருதுண்ணா” என்று மட்டும் சொல்கிறவரைவிட, “மூணாவது கியர்ல, சூடான பிறகுதான் வருது” என்று சொல்கிறவர் வந்தால் அவர்களுக்கும் வேலை சுலபம். எஞ்சினைப் பிரிப்பது, போர்க் சீல், ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் எல்லாம் இன்றைக்கும் அவர்கள் கைக்குத்தான் போகின்றன.

ஓசூரிலும் ஒரகடத்திலும் மோட்டார் சைக்கிள் செய்கிற மாநிலம் நம்முடையது. இங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பராமரிப்பைத் தமிழில் சொல்லித்தர ஒரு நாளிதழ் முன்வர வேண்டும். பட்டறையில் புழங்குகிற வார்த்தைகளிலேயே எழுதுங்கள், படம் போடுங்கள், எந்த அளவு ஸ்பேனர் என்பதையும் சொல்லுங்கள். மே மாத விடுமுறைக்குக் கூட்டம் கூட்டமாக மலையேறுவார்கள். அதற்கு முன்பே தொடங்கி, முதல் வாரம் பிரேக் ஆயிலைப் பற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிங்காநல்லூர், கோவை.