ஷெர்லி டெம்பிளின் தூதரகப் பணி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நடிகை ஷெர்லி டெம்பிளைப் பற்றி எழுதுவோர் பலரும் சுருள்முடிக் குழந்தை நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்வது வருத்தமளிக்கிறது. 1935 முதல் 1938 வரை ஹாலிவுட் வசூலில் முதலிடம் வகித்த அவர், 22 வயதிலேயே திரையுலகை விட்டு விலகினார். 1967இல் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஆயினும் ஒதுங்கிவிடாமல் 1969இல் ஐ.நா. பொதுச்சபைக்கான அமெரிக்கக் குழுவில் இடம்பெற்று, 1974இல் கானாவுக்குத் தூதரானார்.

1968 ஆகஸ்டில், தண்டுவட மரப்பு நோயாளிகளுக்கான அமைப்பின் பணிக்காகப் செக்கோஸ்லோவாகியாவின் தலைநகரான பிராக் நகரில் தங்கியிருந்தபோது, சோவியத் டாங்கிகள் நகருக்குள் புகுந்ததை நேரில் கண்டு, கார் அணிவகுப்பில் எல்லை தாண்டி மீண்டவர் அவர். அதே நகருக்கு 1989இல் அமெரிக்கத் தூதராகத் திரும்பிய சில மாதங்களில், வெல்வெட் புரட்சி எனப்படும் அமைதியான மக்கள் எழுச்சி அங்கிருந்த கம்யூனிச ஆட்சியை வீழ்த்தியது. அந்தக் கொந்தளிப்பான காலத்தில் அங்கே தூதராக இருப்பது அலங்காரப் பதவி அல்ல என்பதே என் உறுதியான எண்ணம். 1992 வரை அவர் ஆற்றிய அந்தப் பணியைக் குறித்துத் தங்கள் இதழ் விரிவானதொரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்