அது எலிப்பாஸ் சொன்னது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துன்பம் தவிர்க்க முடியாததா என்று கேட்ட சென்ற இதழ்க் கட்டுரை, யூத சமயத்தின் பதிலை ஒரே வரியில் முடித்துவிட்டது: மனுஷன் வருத்தம் அநுபவிக்கப் பிறந்திருக்கிறான் என்கிறதாம் யூத வேதத்திலுள்ள யோபு புத்தகம். 5ஆம் அதிகாரத்தில் அந்த வரி இருப்பது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னவன் எலிப்பாஸ். பிள்ளைகளைப் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம், குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டா என்று நயமாகக் கேட்ட நண்பன். 42ஆம் அதிகாரத்தில் கடவுள் கோபம்கொள்வது அவன்மீதும் அவனுடைய இரண்டு தோழர்கள்மீதும்தான். இது தாங்கள் அறியாததல்ல. கட்டுரையாளருக்குத்தான் கடைசி அதிகாரம்வரை போக நேரம் இருந்திருக்காது.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஆறு ஆண்டுகள் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவள் நான். அவருடைய மனைவி இறந்தபின் ஏழு நாள் துக்கம் காக்கும் 'ஷிவா' இருந்தார்கள். கண்ணாடிகளைத் துணியால் மூடி, வாசற்கதவைத் தாழிடாமல் விட்டிருந்தார்கள். பெரியவர் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருக்க, வந்தவர்கள் வணக்கம்கூடச் சொல்லாமல் அருகில் அமர்ந்தார்கள். அவராக வாய் திறக்கும்வரை ஒருவரும் பேசவில்லை. யோபின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்ததிலிருந்து எடுத்த முறை இது என்று அவருடைய மகள் பிறகு சொன்னார். அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியமும் அதுதான். என் கணவர் இறந்து நான் ஊர் திரும்பியபோது, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே 'எல்லாம் தலைவிதி' என்றவர்களும் உண்டு, 'நீ வெளிநாடு போகாமல் இருந்திருந்தால்' என்று தொடங்கியவர்களும் உண்டு.

யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த நூலான தல்மூதில், நோயுற்றுக் கிடந்த ராபி (யூத சமய ஆசிரியர்) ஹிய்யாவிடம், 'இந்தத் துன்பங்கள் உமக்குப் பிரியமானவையா?' என்று ராபி யோகனான் கேட்கிறார். 'அவையும் வேண்டாம், அவற்றுக்கான கூலியும் வேண்டாம்' என்று பதில் வருகிறது. உடனே கைகொடுத்து எழுப்பிவிடுகிறார், தத்துவம் பேசவில்லை. அந்த யோகனானே நோயில் விழுந்தபோது அவரைத் தூக்கிவிட இன்னொருவர் வரவேண்டியிருந்தது. கைதி தன்னைத் தானே சிறையிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாதாம். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞரும் மருத்துவருமான மைமோனிடிஸோ, உடம்பு உள்ளவரை சில வேதனைகள் இருக்கும், ஆனால் பெரும்பகுதி மனிதர் ஒருவருக்கொருவர் செய்வதும் தமக்குத் தாமே தேடிக்கொள்வதும்தான் என்று எழுதினார். அவருடைய தம்பி இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தபோது, எல்லாம் தெரிந்த அந்த மனிதர் ஏறக்குறைய ஓராண்டு படுக்கையில் கிடந்தார்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, 'துன்பத்துக்கே பிறந்த இனம்' என்று கட்டுரை முடிகிறது. ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களின் படுகொலை மழைபோல வானத்திலிருந்து விழவில்லை, ஐயா. பெயர்ப்பட்டியல் எழுதிய குமாஸ்தாக்களும் ரயில் நேரம் குறித்த அதிகாரிகளும் இருந்தார்கள். அதைத் தவிர்க்க முடியாதது என்றால் அவர்கள் எல்லோரும் நிரபராதிகள் ஆகிவிடுவார்கள்.

முன்பு ஹனுக்கா என்ற யூத விளக்குத் திருநாளை 'யூதர்களின் கிறிஸ்துமஸ்' என்று தங்கள் இதழ் எழுதியபோதும் கடிதம் அனுப்பினேன். அதற்கு இடமில்லை, அதே பக்கத்தில் இரண்டு நகைச்சுவைத் துணுக்குகளுக்கு இடம் இருந்தது. இம்முறை முழுக் கடிதத்தையும் வெளியிடச் சொல்லவில்லை. அந்த வரி எலிப்பாஸ் சொன்னது என்று மட்டும், அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
நாகர்கோவில்